ஒரு சாண் ஆழம்

அந்தமானுக்கென்று சேர்த்த காசு
ஒழுகிய கூரையில் போய் ஒட்டிக்கொண்டது.
தார் ஷீட், இரண்டு நாள் கூலி, அரை மூட்டை சிமென்ட்.
மிஞ்சியது விடுப்பு மட்டும்.
அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது,
மேட்ரன் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சோர் பஜாரில்
நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் சேர்த்து முந்நூற்றைம்பது.
இடது கண்ணில் ஒரு கீறல்.
"எதைப் பார்த்தாலும் நடுவுல ஒரு கோடு ஓடும்" என்றான் தவசி.
"நம்ம டிவியிலயும்தான் ஓடுது" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மலாடில் இறங்கி
மார்வேக்குப் பஸ், அங்கிருந்து படகு.
மோட்டார் சைக்கிள்கள், ஒரு மணப்பெண்ணின் பீரோ,
நாங்கள்.
சட்டென்று அக்கரை வந்துவிட்டது.
இவ்வளவு பக்கத்திலா இருந்தது
இவ்வளவு வருஷமும்.

மனோரியில் கடல்
இரண்டாம் தடவை கொதிக்கவைத்த டீயின் நிறம்.
சுடிதாரோடு இறங்கினேன்.
தாதர் குளத்தில் பெண்கள் நேரத்தில் கற்ற நீச்சல்,
அலைக்கு அது தெரியாது,
புரட்டிப் புரட்டிப் போட்டது.
இடுப்புக்கு மேல் வராத தவசி
"மீன் தெரியுதா, மீன் தெரியுதா" என்று கரைக்கும் கேட்கக் கத்தினான்.

மீன் இல்லை.
நீட்டிய கை முழங்கையோடு காணாமல் போனது.
ஒரு குர்குரே உறை
செதில் மின்ன என்னைக் கடந்துபோனது.
பிறகு பழுப்பு. அதற்குப் பின்னும் பழுப்பு.

ஆனால் குழாய்க்குள்
யாரோ மூச்சு விட்டார்கள்.

பதினாறு வருஷமாக
ராத்திரியெல்லாம் அடுத்தவர் மூச்சைக் கேட்கும் வேலை எனக்கு.
ஏழாம் நம்பர் கட்டில் இழுக்கிறதா, ஒன்பதில் சளி அடைத்ததா,
எண் இறங்கினால் ஓடு,
எண் நின்றால் மெதுவாக நட.
இது எந்தக் கட்டில் என்று
ஒரு நொடி தேடினேன்.
நான்தான்.
கொஞ்சம் கரகரப்பு இருந்தது. மற்றபடி சீராகத்தான்
போய் வந்துகொண்டிருந்தது.
அதைக் கேட்டபடியே குப்புற மிதந்தேன்,
பிணம் என்று பயந்து
தவசி கழுத்தளவு தண்ணீருக்கு வந்துவிட்டான்.

கடல் வற்றியதும் பாறைகளில் ஏறினோம்.
மலை என்று சொல்ல மாட்டேன்,
ஆனால் செருப்பு அறுந்தது, முழங்கால் சிராய்ந்தது,
மேலே போனபோது மூச்சு வாங்கியது,
ஆகவே மலை.
தூரத்தில் மாடிக் கட்டடங்கள்
எதையோ வாங்க வரிசையில் நிற்பதுபோல் நின்றன.

இறங்கும் வழியில், பாறை இடுக்கில்
ஒரு சாண் தண்ணீர்.
தெளிவு.
வயிற்றைப் பாறையில் கிடத்தி முகத்தை மட்டும் முக்கினேன்.

ஐயோ.

சங்கு வீடு போதாமல் வேறு வீடு தேடும் நண்டு,
வாசலில் நின்று அளக்கிறது, நுழைகிறது, பிடிக்கவில்லை,
பழையதற்கே திரும்புகிறது.
டெபாசிட் அதிகமாயிருக்கும்.
பச்சை விரல்களை விரித்து மூடும் கடல் சாமந்தி.
கண்ணாடி உடம்போடு ஓர் இறால்,
உள்ளே அது தின்றது கூடத் தெரிகிறது.
எல்லாவற்றின் மேலும் என் கோடு.

சிப்பி கொத்திக்கொண்டிருந்த கோலிப் பெண்
சுத்தியலோடு வந்து நின்றாள். என் வயசுதான் இருக்கும்.
கேட்காமலே கழற்றிக் கொடுத்தேன்.
மூக்குத்தி இடிக்க மாட்டிக்கொண்டு குனிந்தாள்.
நெடுநேரம் நிமிரவில்லை.
தினம் கூடை நிறையக் கையால் அள்ளுவதுதான் அவளுக்கும்.
நிமிர்ந்து மராத்தியில் கேட்டது இவ்வளவே:
"இத்தனை பெரிசா?"
தண்ணீருக்குள் கண்ணாடி அப்படித்தான் காட்டும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
அந்தக் குட்டையை விட்டுவிட்டு
அடுத்த பாறையில் போய்க் கொத்தினாள்.

திரும்பும் ரயிலில்
என் முகத்தில் நீர்க்கண்ணாடி பதித்த சிவப்பு வட்டத்தை
எதிர் சீட்டுக் குழந்தை
கோரேகாவ் வரை பார்த்தது.
தவசி தூங்கிவிட்டான், வாய் திறந்து.
கணக்கெடுத்துப் பழகிப்போன காது,
நிமிஷத்துக்குப் பதினாலு.
எண்ணுவதை நிறுத்திவிட்டு
வெறுமனே கேட்டேன்,
மாஹிமில் கூட்டம் ஏறும்வரை.